நுண்ணுயிர்களும் அவற்றின் பெயர்களும்

தமிழாசிரியன் ஒருவன் பற்றீரியாக்களைப் பற்றி எழுதப் புகுவது, தன் வளவை விட்டு அயலான் வேலிக்குள் அடிவைப்பது போன்றதென்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக. ஆயினும், பொருள்களை வகுத்தலும் அவற்றுக்குப் பெயரிடலும் இலக்கணம் கற்பிப்போனுக்கு அந்நியமான தொழில் அல்ல. தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை ஓரறிவுடையன முதல் ஆறறிவுடையன ஈறாக வகுத்தார். புல் முதல் மனிதன் வரை செல்லும் அவ்வரிசை, ஓர் உயிருக்கு எத்தனை அறிவு உண்டு என்பதையே அளவுகோலாகக் கொண்டது. வகுக்கப் புகுவோன் முதலில் ஓர் அளவுகோலைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை அது நமக்குக் காட்டுகின்றது. அங்ஙனமாயின், கண்ணுக்கே புலப்படாத உயிர்களை வகுக்கப் புகுந்தோர் எதனை அளவுகோலாகக் கொண்டனர்? இவ்வினாவை என் மனத்தில் எழுப்பியது நூலொன்றன்று. என் தாய்மாமனுக்கு வந்த நோயாகும்.

மாமன் இரணைமடுக் குளத்தின்கீழ் வயல் செய்பவர். நீரிழிவு நோயும் உடையவர். வன்னியை வெள்ளம் மூடிய 2018ஆம் ஆண்டு மார்கழியிலே, காலிற் பட்ட சிறு காயத்தைப் பொருட்படுத்தாது சேற்றில் நின்று வரம்பு கட்டினார். தை பிறந்தபின் காய்ச்சல் கண்டது, இருமல் தொடர்ந்தது, உடல் மெலிந்தது. மார்புப் படத்திலே சுவாசப்பையில் நிழல் தெரிந்தது. சளியிலே சயரோகக் கிருமி அகப்படவில்லை. எனினும், குறிகள் யாவும் அந்நோயையே ஒத்திருந்தமையால் அதற்குரிய மருந்து தொடங்கப்பெற்றது. இரண்டு மாதம் கழிந்தும் காய்ச்சல் தணியவில்லை. எழுந்து நடக்க இயலாத நிலையில் அவரை வேறொரு வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். அங்கே அவரது இரத்தத்தை எடுத்து, கிருமி வளர்க்கும் ஊடகத்தில் இட்டனர். மூன்றாம் நாள் அதில் ஏதோ ஒன்று முளைத்தது.

அங்கே ஆய்வுகூடத்திற் கடமையாற்றியவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். என்னிடம் இலக்கணம் பயின்றவர். முளைத்தது வெளியிலிருந்து தற்செயலாய் விழுந்த கிருமியாக இருக்கலாம் என்றே முதலிற் கருதப்பட்டதாம். அவர் அதனை எறிந்துவிடாது மேலும் இரண்டு நாள் வைத்திருந்து, சோதனைமேற் சோதனை செய்தார். அந்தப் பொறுமையினால் மாமன் பிழைத்தார்.

"அதன் பெயரை எப்படித் தம்பி கண்டுபிடித்தீர்?" என்று பின்னொருநாள் அவரை வினவினேன். அவர் சிரித்தார். "ஐயா, பகுபதத்தைப் பிரிக்க நீங்கள்தானே கற்பித்தீர்கள்! விகுதி எது, பகுதி எது, இடைநிலை எது என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு போனால் சொல்லின் உருவம் தானே வெளிப்படும் என்பீர்கள். நாங்களும் அதையே செய்கிறோம்" என்றார். அவர் கூறியவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகின்றேன்.

வகைப்படுத்தல், இனங்காணல் என்பன இருவேறு தொழில்கள். அகராதியைத் தொகுப்பது ஒன்று. தொகுத்த அகராதியில் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது மற்றொன்று. முன்னையது வகைப்படுத்தல், பின்னையது இனங்காணல். அகராதி பிழையாயின் தேடுவோன் மயங்குவான். அகராதி செம்மையாயினும் தேடும் முறை அறியாதவன் சொல்லைக் காணான். ஆதலின் இரண்டும் வேண்டும்.

முதலில் அகராதி தோன்றிய வரலாற்றை நோக்குவோம். ஒல்லாந்து நாட்டின் டெல்வ்ற் நகரிலே துணி வணிகராயிருந்த லீவன்ஹூக் என்பவர், தாமே கடைந்த சிறு வில்லைகளினூடாக நீர்த்துளியை நோக்கி, அதனுள் எண்ணிறந்த சிற்றுயிர்கள் ஓடித்திரிவதைக் கண்டார். 1676இல் அதனை இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு எழுதி அறிவித்தார். கண்டது கண்டதே, ஆனால் அவற்றை எவ்வகையிற் சேர்ப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. செடிகளையும் விலங்குகளையும் சாதி, இனம் என முறைப்படுத்திய சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசும் இவ்விடத்திற் கைசோர்ந்தார். 1767இல் வெளிவந்த தம் நூற்பதிப்பிலே, இச்சிற்றுயிர்கள் பலவற்றை ஒன்றாகக் கூட்டி அவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'கேயாசு' என்பது; 'குழப்பம்' என்பதே அதன் பொருள்.

ஆயினும் அவர் வகுத்த பெயரிடல் முறையே இன்றும் நுண்ணுயிர்களுக்கு வழங்குகின்றது. ஒவ்வோர் உயிருக்கும் இரு சொற்களாலான பெயர். முன்னது சாதிப்பெயர், பின்னது இனப்பெயர். நம் ஊரிலே தந்தையின் பெயரை முன்னும் தன் பெயரைப் பின்னுமாக எழுதும் வழக்கத்தை இது ஒக்கும். முன்பெயரால் உடன்பிறந்தோர் யாரென்பதும், பின்பெயரால் இவர் யாரென்பதும் விளங்கும்.

குழப்பத்தினின்றும் வெளிவர உதவிய முதல் அளவுகோல் உருவம். 1872இல் பிரெசுலோ நகரிலே தாவரவியலறிஞர் பேர்டினந்து கோன், பற்றீரியாக்களை உருண்டை, கோல், சுருள் என்னும் வடிவங்களைக் கொண்டு வகுத்தார். உருண்டை வடிவின 'கொக்கசு' எனவும், கோல் வடிவின 'பசில்லசு' எனவும் பெயர்பெற்றன. திராட்சைக் குலைபோற் கூடி நிற்பது ஸ்ரபிலோகொக்கசு. சங்கிலிபோல் வரிசையாய் நிற்பது ஸ்ரெப்ரோகொக்கசு. இவையெல்லாம் காரணப்பெயர்களே. எனினும், உருவம் ஒன்றையே நம்புதல் ஆபத்தாகும். குடலில் வாழும் தீங்கற்ற கோலும், நெருப்புக் காய்ச்சலை விளைக்கும் கோலும் நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தோன்றும். வெள்ளை வேட்டி கட்டியவர் எல்லாரும் ஒரு வீட்டார் ஆவரோ?

ஆகவே உருவத்துக்கு அப்பாலும் கேட்க வேண்டிய வினாக்கள் உள. அவ்வினாக்களுக்கு விடை காண்பதே ஆய்வுகூடத்தின் தொழிலாகும்.

எதற்கும் முன்னர், ஒரு கிருமியை மற்றக் கிருமிகளினின்றும் பிரித்துத் தனியே வளர்க்க வேண்டும். பல குரல் கலந்த சந்தையிலே ஒருவர் பேச்சைக் கேட்டல் இயலாதன்றோ? சேர்மனி நாட்டு றொபேட் கொக் என்பார், திண்மமான ஊடகத்தின்மேற் கிருமிகளைப் பரப்பினால் ஒவ்வொன்றும் தான் விழுந்த இடத்திலேயே பெருகித் தனிக் குடியாகும் என்று கண்டார். அவர் முதலிற் பயன்படுத்திய செலற்றின் வெப்பத்தில் உருகிவிட்டது. அவர் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த எசே என்பவரின் மனைவி பானி அம்மையார், தம் சமையலறையில் வழங்கிய கடற்பாசியைப் பயன்படுத்துமாறு கூறினார். யாவாத் தீவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து அதனை அவர் அறிந்திருந்தாராம். கீழைத்தேசத்து அடுக்களைப் பொருளாகிய அக்கடற்பாசியே இன்றும் உலகின் ஆய்வுகூடங்களிலெல்லாம் கிருமிகளுக்கு நிலமாய் விளங்குகின்றது. அதனை ஊற்றி வைக்கும் மூடியுள்ள தட்டையான கிண்ணத்தை, கொக்கின் உதவியாளர் பெத்திரி 1887இல் விவரித்தார்.

தனியே வளர்ந்த குடியிலிருந்து ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் தட்டிற் பூசி நிறமூட்டுவது அடுத்த படி. 1884இல் பேர்லினிற் பணியாற்றிய டென்மார்க்கு வைத்தியர் கிராம் இம்முறையைக் கண்டார். முதலில் ஊதாச் சாயம், பின் அயடீன், பின் அற்ககோலாற் கழுவுதல், ஈற்றிற் சிவப்புச் சாயம். ஈற்றுச் சாயம் பிறர் சேர்த்தது. தடித்த கலச்சுவர் உடைய பற்றீரியா ஊதாவைத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். மெல்லிய சுவரும் அதன் வெளியே கொழுப்பு உறையும் உடையது ஊதாவை இழந்து, பின்வரும் சிவப்பை ஏற்கும். முன்னது கிராம் நேர். பின்னது கிராம் எதிர். தம் முறை குறைபாடுடையது என்று கிராம் தாமே எழுதினார். குறைபாடுடையதென்ற அம்முறை நூற்று நாற்பது ஆண்டு கடந்தும் ஆய்வுகூடத்தின் முதல் வினாவாக நிற்கின்றது. பெனிசிலின் போன்ற மருந்துகள் கலச்சுவர் கட்டப்படுவதையே தடுப்பன ஆதலின், நிறம் மருந்துக்கும் வழிகாட்டும்.

சயரோகக் கிருமியோ இம்முறைக்கு நன்கு அடங்காதது. அதன் சுவர் மெழுகு நிறைந்தது. சூடாக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றியபின் அமிலத்தாற் கழுவினாலும் அது நிறம் விடாது. அவ்வடையாளத்தையே மாமனின் சளியிற் பலமுறை தேடினர், காணவில்லை. காணாமையும் ஒரு சான்று என்பதை அன்று போதிய அளவு நாம் மதித்திலோம்.

மூன்றாவது, கிருமியின் நடத்தையைப் பற்றிய வினாக்கள். நீ எதை உண்பாய்? எதனை வெளிவிடுவாய்? எந்த நொதியத்தை உடையாய்? ஐதரசன் பேரொட்சைட்டுத் துளியிட்டால் ஸ்ரபிலோகொக்கசு நுரைக்கும், ஸ்ரெப்ரோகொக்கசு நுரையாது. பால்வெல்லம் கலந்த மக்கொங்கி ஊடகத்திலே எசெரிக்கியா கோலை அதனை உண்டு அமிலமாக்கி, இளஞ்சிவப்புக் குடியாய்த் தோன்றும். நெருப்புக் காய்ச்சற் கிருமியாகிய சல்மொனெல்லா அதனை உண்ணாது; வெளிறியே நிற்கும். உருவத்தால் பிரிக்க இயலாத இரண்டை உணவு பிரித்துவிட்டது! இங்ஙனம் ஆம், இல்லை என்னும் விடைகளை அடுக்கிச் செல்ல, பல்லாயிரம் பெயர்கள் நூறாகி, நூறு பத்தாகி, ஈற்றில் ஒன்றே எஞ்சும்.

இனி மாமனின் கிருமியிடம் அம்மாணவர் இவ்வினாக்களைக் கேட்ட வரலாற்றைக் கூறுவேன். அது கிராம் எதிர், கோல் வடிவம், ஆயினும் கோலின் இரு முனைகளும் நிறமேறி நடுவிடம் வெளிறியிருந்தது. பால்வெல்லத்தை உண்ணவில்லை. ஒட்சிடேசுச் சோதனையில் ஊதா நிறம் காட்டியது. இம்மட்டிற் பார்த்தால், நீரிலும் குழாய்களிலும் எங்கும் காணப்படும் சூடோமோனாசு என்னும் பற்றீரியாவென்று எழுதிவிடலாம். பலவிடத்தும் அங்ஙனமே எழுதிவிடுவதுண்டாம். ஆனால் மருந்து தோய்ந்த சிறு வட்டக் கடதாசிகளைச் சுற்றிலும் வைத்தபோது, ஜென்ரமைசினும் கோலிசுதினும் அதனை அசைக்கவில்லை. சூடோமோனாசைப் பெரும்பாலும் அடக்காத கோ-அமொக்சிகிளாவோ இதனை அடக்கியது. ஐந்தாம் நாள் குடிகள் வாடிய பூவிதழ்போற் சுருங்கி மடிப்பு விழுந்தன. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அது பேர்க்கோல்டேரியா சூடோமல்லேயி. அது தரும் நோய் மெலியோயிடோசிசு. பின்னர் கொழும்புக்கு அனுப்பி, மரபுப்பொருட் சோதனையாலும் அதனை உறுதிசெய்தனர்.

பெயர் தெரிந்த அன்றே மருந்து மாறியது. நாளத்தினூடாக இரண்டு வாரத்துக்கு மேல் ஊசிமருந்து. அதன்பின் மூன்று மாதத்துக்கு மேல் குளிசை. நான்காம் நாள் இரவு மாமன் கஞ்சி கேட்டார். ஒரு பெயருக்கும் ஓர் உயிருக்கும் இடையேயுள்ள தொடர்பை அன்றுதான் நான் உணர்ந்தேன். நோய் இன்னதென்று துணிந்து, அதன் காரணத்தைத் துணிந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியைத் தேடவேண்டுமென்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்த வரிசையை இருபது ஆண்டாகக் கற்பித்து வந்தேன். அவ்வரிசை பிறழ்ந்தால் என்ன நேருமென்பதை வீட்டிலே கண்டேன்.

இக்கிருமியின் பெயர் வரலாறு தனிச் சுவையுடையது. 1911இல் இரங்கூனிலே விற்மோர், கிருஷ்ணசுவாமி என்னும் வைத்தியர் இருவர், இறந்தோரின் உடலைச் சோதித்தபோது இதனை முதன்முதல் இனங்கண்டனர். குதிரைகளுக்கு வரும் ஒரு கொடிய நோயின் கிருமி 'மல்லேயி' எனப்படும். இது அதனை ஒத்தும் அதுவன்றாயும் இருந்தமையின், 'பொய்யான மல்லேயி' என்னும் பொருள்பட இனப்பெயர் அமைந்தது. இலங்கையில் இந்நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 1927இல். ஆயினும் அதன்பின் நெடுங்காலம் இது இங்கே அரிய நோயென்றே எண்ணப்பட்டது. இந்நூற்றாண்டிலே முறையாகத் தேடத் தொடங்கிய பின்னரே, நாட்டின் பல மாகாணங்களிலும் வயற்சேற்றிலும் நீரிலும் இது வாழ்வது வெளிப்பட்டது. நோய் புதிதன்று, அதன் பெயரைத் தேடுவாரே இலர்.

இனப்பெயர் நிலைத்தது, சாதிப்பெயரோ பலமுறை மாறியது. நெடுநாள் சூடோமோனாசுக் குடும்பத்தோடு இருந்த இதனை, 1992இல் யப்பானிய அறிஞர் பிரித்தெடுத்துப் பேர்க்கோல்டேரியா என்னும் புதுச் சாதியில் வைத்தனர். அப்பெயர் அமெரிக்கத் தாவர நோயறிஞர் பேர்க்கோல்டரை நினைவுகூர்வது. வெங்காயத்தை அழுகச்செய்யும் பற்றீரியா ஒன்றை 1950இல் விவரித்தவர் அவர். அவ்வெங்காயக் கிருமியும் இச்சாதியையே சேர்ந்தது. வெங்காயம் நட்டு வாழும் நம்மவர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும்.

பெயர்கள் ஏன் இங்ஙனம் மாறுகின்றன? அளவுகோல் மாறியதே காரணம். உணவும் உருவமும் உறவை எப்பொழுதும் காட்டா. மொழிகளின் உறவை ஆராய்வோர் செய்வதை இங்கே நினைவுகூர்வோம். 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, எழுத்தின் வடிவத்தைக் கொண்டு உறவு கூறவில்லை. அடிப்படைச் சொற்களையும் இலக்கண அமைப்பையும் ஒப்பிட்டார். நாம் மூன்று என்பதை மலையாளத்தார் மூன்னு என்பர். கன்னடத்தார் மூறு என்பர். தெலுங்கர் மூடு என்பர். எவரும் விட்டுவிட இயலாத சொல்லாதலின், அது எல்லாரிடத்தும் எஞ்சி, சிறு மாற்றங்களோடு உறவை அறிவிக்கின்றது.

உயிர்களிடத்தும் அத்தகைய சொல் ஒன்று உண்டு. புரதம் ஆக்கும் இறைபோசோம் என்னும் நுண்பொறி இல்லாமல் எந்தக் கலமும் வாழாது. அதன் ஒரு பகுதியாகிய ஆர்.என்.ஏ., பற்றீரியாக்களில் ஏறத்தாழ 1,500 எழுத்துகளால் ஆயது. இல்லினோய் பல்கலைக்கழகத்துக் கால் வோசு, பல உயிர்களின் இவ்வெழுத்துகளை ஆண்டுக்கணக்காக ஒப்பிட்டார். 1977இல் அவரும் ஜோர்ஜ் பொக்சும் வெளியிட்ட முடிவு அறிஞரைத் திகைக்கவைத்தது. மாட்டின் இரைப்பையிலும் சாண எரிவாயுக் குழியிலும் மீதேன் வாயுவை விளைக்கும் நுண்ணுயிர்கள் உருவத்தாற் பற்றீரியாவை ஒத்திருந்தும், உறவால் முற்றும் வேறானவை! அவை இன்று ஆர்க்கியா எனப்படும். பற்றீரியா, ஆர்க்கியா, கரு அமைந்த கலமுடையவை என மூன்று பெரும் பிரிவுகளாக உயிருலகை 1990இல் வோசும் வேறு அறிஞர் சிலரும் வகுத்தனர். மாவும் மயிலும் மனிதனும் காளானும் மூன்றாம் பிரிவில் ஒருங்கே அடங்கிவிடுவன. முதலிரண்டு பிரிவுகளும் முழுவதும் நுண்ணுயிர்களே.

இன்று ஒரு பற்றீரியாவின் மரபுப்பொருள் முழுவதையுமே படித்துவிடலாம். இரண்டினுடைய மரபுப்பொருள்கள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒத்திருப்பின் அவற்றை ஓரினம் என்பது இக்கால வழக்கு. பெயர்களின் குழப்பத்தைத் தீர்க்க, 1980 தை முதலாந் திகதி உலக அறிஞர்கள் ஒரு புதுப் பட்டியலை அடிப்படையாக்கினர். அதில் இடம்பெறாத பழம்பெயர்கள் உரிமை இழந்தன. அதன்பின் பெருகி, இன்று முறைப்படி பெயர்பெற்ற இனங்கள் இருபதினாயிரத்துக்கு மேலாம். சில பெயர்கள் பிழையென்று தெரிந்தும் மாற்றப்படவில்லை. 1892இல் பைபர் என்பார் இன்புளுவென்சாவுக்குக் காரணமென்று கருதிய பற்றீரியா, ஏமோபிலசு இன்புளுவென்சே என்றே இன்றும் வழங்குகின்றது. அந்நோயைத் தருவது வைரசு என்பது 1933இல் தெளிவாகியும், பெயர் இடுகுறியாய் நின்றுவிட்டது.

பற்றீரியா அல்லாதனவற்றையும் சுருங்கக் கூறுவேன். பங்கசுக்களை அவற்றின் இழைகளாலும் வித்திகளாலும் அறிவர். மலேரியா ஒட்டுண்ணியை இரத்தப் பூச்சில் அதன் உருவத்தால் அறிவர். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றதற்கு, இரத்தப் பூச்சுகளைச் சலியாது நோக்கிய கண்கள் பெருந்துணையாயின. வைரசுக்கள் கலங்களே அல்லவாதலின், அவற்றை வகுக்க அவற்றின் மரபுப்பொருளையே முதன்மையாய் நோக்குவர்.

பெரிய ஆய்வுகூடங்களில் இப்பொழுது ஒரு பொறி, கிருமியின் புரதங்களை நிறுத்துச் சில நிமிடங்களிற் பெயர் கூறிவிடும். எனினும், தன் அகராதியில் இல்லாத பெயரைப் பொறியும் அறியாது. மாமனைத் தாக்கிய கிருமியையே, அகராதி நிரம்பாத காலத்திற் சில பொறிகள் அதன் உறவினத்தின் பெயரால் அழைத்தன. ஆதலின், "இது பொருந்துமா?" என்று மீட்டும் வினவும் மனிதர் என்றும் வேண்டப்படுவர்.

நம் பழைய மாணவர் பலர் வைத்தியராயும் பொறியியலாளராயும் அறியப்படுகின்றனர். விழா மலர்கள் அவர்களைப் போற்றுவது தகும். நோயாளர் முகத்தையும் காணாது, பின்னறையிற் கிண்ணங்களை நோக்கியிருப்போரையும் இம்மலரில் ஒருமுறை நினைத்தல் நன்று. வயல் செய்யும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: மழைக்காலத்தில் காயத்தை மூடி, காலணி அணிந்து சேற்றில் இறங்குங்கள். நீரிழிவு உடையோர் இதிற் பன்மடங்கு கருத்தாயிருத்தல் வேண்டும். காய்ச்சல் நீடித்தால், வயலில் நின்றதை வைத்தியரிடம் மறவாது கூறுங்கள். அதுவும் ஒரு வினாவுக்கு விடையாகும்.

மாமன் இன்றும் வயலுக்குப் போகின்றார். முழங்காலளவு காலணியோடு போகின்றார். அந்நோய் மீண்டும் வரக்கூடியதாதலின், கிருமியின் பெயர் எழுதிய துண்டொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றார். அதனை உச்சரிக்க அவருக்கு நா எழாது. "வெங்காயக்காரர் பெயர்" என்பார். ஆயினும் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அத்துண்டையே எடுத்து நீட்டுகின்றார்.